பிக் பிரவுனின் இடது முன்குளம்பு: இரண்டு வாரத்தில் ஒரு வெடிப்பை என்ன செய்ய முடியும்?

2008 மே 17 அன்று பால்டிமோரில் நடந்த பிரீக்னஸ் பந்தயத்தை ஐந்தேகால் குதிரை நீள இடைவெளியில் வென்றது பிக் பிரவுன். ஒரு வாரம் முடிவதற்குள் அதன் இடது முன்குளம்பின் உட்பக்கச் சுவரில் சிறிய வெடிப்பு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு வாரம் முன்னால் கென்டக்கி டெர்பியையும் வென்றிருந்த குதிரை அது. ஜூன் 7 அன்று நியூயார்க்கில் பெல்மான்ட்டையும் வென்றுவிட்டால், 1978இல் அஃபர்ம்டு வென்றபின் அதுவரை எந்தக் குதிரைக்கும் வாய்க்காத டிரிபிள் கிரவுன், அதாவது இந்த மூன்று பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்ற பெருமை, அதற்கு. வெடிப்பைப் பார்த்த நாளிலிருந்து பந்தயம்வரை கையில் இருந்தது இரண்டு வாரமும் ஒரு நாளும்தான்.

குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சராசரியாக 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். இரண்டு வாரத்தில் அரை சென்டிமீட்டர் தேறினால் பெரிது. வெடித்த குளம்பு எலும்பு கூடுவதைப்போலக் கூடாது. மேலிருந்து புதுச்சுவர் இறங்கிவர வேண்டும், வெடித்த பகுதி தரைவரை வந்து அரத்துக்கு இரையாக வேண்டும். முன்நுனிக்கும் பின்புறக் குதிக்கும் இடைப்பட்ட பக்கச்சுவரில் அதற்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஆகவே லாடக்காரரிடம் கேட்கப்பட்டது வெடிப்பை ஆற்றுவதல்ல. ஆறாத வெடிப்போடு ஒரு குதிரை வலியில்லாமல் 2,400 மீட்டர் ஓட வழி செய்வது. அந்தப் பொறுப்பு இயன் மெக்கின்லேயிடம் போனது. பந்தயக் குதிரைகளின் குளம்பு வெடிப்பைச் சீர்செய்வதில் பெயர் எடுத்தவர். இந்தக் குதிரையின் கால்கள் அவருக்குப் புதிதும் அல்ல.

வெடிப்புக்கு முந்தைய கதை

பிக் பிரவுன் முதலில் ஓடியது 2007 செப்டம்பர் 3, சரடோகாவின் புல்தளத்தில். பதினொன்றேகால் நீளத்தில் வெற்றி. அதற்கப்புறம் ஆறு மாதம் பந்தயமே கிடையாது. பயிற்சியாளர் ரிச்சர்ட் டட்ரோவின் லாயத்துக்கு வந்தபின் முன்னங்கால் ஒன்றில் குளம்புச் சுவர் பிரிந்தது. அது தேறி வரும் நேரத்தில் மற்ற முன்னங்காலிலும் அதே தொல்லை. 2008 மார்ச் 5 அன்றுதான் ஃபுளோரிடாவில் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கில் இரண்டாவது ஓட்டம். மார்ச் 29 அன்று ஃபுளோரிடா டெர்பி. நான்காவது ஓட்டத்திலேயே கென்டக்கி டெர்பி, அதுவும் ஓரத்து இருபதாம் எண் தொடக்கக் கதவிலிருந்து கிளம்பி. நான்கே ஓட்டத்தில் டெர்பி வென்ற முந்தைய குதிரை 1915இன் ரிக்ரெட்.

சுவர் பிரிவது என்றால் என்ன? குளம்புச் சுவர் உள்ளே இருக்கும் காஃபின் எலும்போடு ஐந்நூற்றுச் சொச்சம் மெல்லிய இதழ்களால் பின்னிப் பிணைந்திருக்கிறது. ஒவ்வொரு இதழிலும் நூற்றுக்கு மேல் கிளை இதழ்கள். சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் இடத்தில், அடியிலிருந்து பார்த்தால், மஞ்சள் கலந்த வெள்ளைக்கோடு ஒன்று ஓடும். குதிப்பக்கத்தில் அந்தக் கோட்டை ஒட்டிச் சுவர் விட்டுப்போனால் இடுக்கில் மணலும் சாணமும் ஏறும். ஒவ்வொரு காலடியிலும் அது இன்னும் மேலே தள்ளப்படும். பந்தய லாயங்களில் பயிற்சி முடிந்ததும் குதிரையைக் குளிப்பாட்டுவது அன்றாட வழக்கம். நாள்தோறும் நனைவதும் காய்வதும் சுவரை இளக்கும். பந்தயத்துக்கென வளர்க்கும் தோரோபிரெட் இனக் குதிரைக்குச் சுவர் பிறவியிலேயே மெல்லியது. இந்த இரண்டும் கூடும்போது பிரிவு எளிதில் வரும்.

அப்படிப்பட்ட சுவரில் ஆணி அடிப்பது ஆபத்து. லாட ஆணி வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நுழைந்து, சுவருக்குள்ளேயே ஏறி, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயரத்தில் வெளியே தலை காட்ட வேண்டும். வந்த நுனியை முறுக்கி ஒடித்து, மிச்சத்தைச் சுவரோடு மடித்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும். கோட்டுக்கு உள்ளே போனால் உயிர்ச்சதையைக் குத்தும். குதிரை அப்போதே காலை வெடுக்கென்று பிடுங்கும், ஆணியை உருவினால் ரத்தம் வரும். இதைவிட மோசமானது, உள்ளே குத்தாமல் சதையை ஒட்டி நெருக்கிக்கொண்டே போகும் ஆணி. அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துக் குதிரை நொண்டும், எல்லாரும் தோள்பட்டையிலும் முழங்காலிலும் காரணம் தேடுவார்கள். லாடம் அடித்த வாரத்தில் நொண்டல் வந்தால் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பிரிந்த சுவரோ மெல்லியது, பிடிமானமும் குறைவு. நல்ல இடமாக மிஞ்சுவது ஓரிரு சென்டிமீட்டர்தான். அதனால் பிக் பிரவுனின் முன்னங்கால்களுக்கு மெக்கின்லே ஆணியில்லாமல் பசையால் ஒட்டும் லாடத்தைப் போட்டார். குதிப்பக்கத்தில் அதிர்வை வாங்கிக்கொள்ள மெத்தென்ற பாலியூரித்தேன் அடுக்கும் அதில் உண்டு. டெர்பி வென்றது இந்த ஒட்டு லாடத்தோடுதான்.

ஒட்டு லாடம் சர்வரோக நிவாரணி அல்ல. பசை குதிவரை நீண்டால், அடி வைக்கும்போது குதி விரிவதற்கு இடமில்லாமல் போகும். ஆணி லாடத்திலும் இதே விதி உண்டு: குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி போகக் கூடாது. பசைக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டால் சுவர் நொந்துபோகும். கழற்றும்போது கவனமில்லாமல் நெம்பினால் லாடத்தோடு சுவரின் மேல்தோலும் உரிந்து வரும். ஏற்கெனவே மெல்லிய சுவருக்கு அது தாங்காது.

ஏன் பக்கச்சுவர், ஏன் மேலிருந்து

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நிற்கும்போது ஏறத்தாழ 60 விழுக்காடு எடை முன்னங்கால்களில் விழுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரே முன்குளம்பு தன் முறை வரும்போது தாங்குவது உடல் எடையின் இரண்டரை மடங்குவரை போகும், அதாவது ஒரு டன்னுக்கு மேல். இந்தச் சுமை குளம்பு முழுக்கப் பரவினால் அது தாங்கும், அதற்காகவே அமைந்தது அது. பரவாமல் ஒரு குதியில் மட்டும் முதலில் இறங்கினால்தான் வம்பு.

உட்குதி முதலில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கச் சுவரை ஒவ்வொரு அடியும் மேல்நோக்கித் தள்ளுகிறது. நாளடைவில் அந்தச் சுவர் செங்குத்தாகி, அடியில் உள்நோக்கிச் சுருளும். மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் கோடு அந்த இடத்தில் மட்டும் வில்லாக மேலே வளைந்து நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால், குதியின் பின்புறம் உருண்டிருக்கும் இரண்டு குதிக்குமிழும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. புதுச்சுவர் பிறப்பதே அந்த மயிர்க்கோட்டில்தான். அங்கே சுவர் இளசு, சுமையோ அதிகம். பக்கச்சுவர் நுனியைவிட மெல்லியது, அடிக்கடி விரிந்து சுருங்கும் இடம் வேறு. ஆகவே வெடிப்பு மயிர்க்கோட்டில் பிறந்து கீழ்நோக்கி இறங்கும். தரையிலிருந்து மேலேறும் வெடிப்புகள் பெரும்பாலும் மேலோட்டமானவை. பார்க்கப் பயமாக இருக்கும், நொண்டல் இருக்காது. மேலிருந்து இறங்கும் பக்கவெடிப்பு நேர்மாறு: ஒரு விரற்கடை நீளம்கூட இருக்காது, ஆனால் உயிர்ச்சதைவரை போயிருக்கும். நகக்கண்ணில் வெடித்த நகம் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலைக்குப் பெரும்பாலும் துணைபோவது நீண்ட நுனியும் தாழ்ந்த குதியும். நுனி நீண்டால் தப்படி நீளும் என்ற நம்பிக்கை பந்தய லாயங்களில் இன்னும் ஒழியவில்லை. நுனி முன்னே போகப் போக, குதியின் சுவர் தரையோடு படிந்து முன்னால் சாயும். நுனிச்சுவரின் கோணத்தைவிடக் குதிச்சுவரின் கோணம் 5 பாகைக்கு மேல் குறைந்தால் குதி சரிந்துவிட்டது என்று கொள்வது வழக்கம். அந்தக் குளம்பில் வெடிப்பு மட்டும் அல்ல, பின்னால் ஓடும் தசைநாண்களின் இழுவையும் கூடும். குளம்புக்குள் பின்பக்கம் இருக்கும் சிறிய நாவிக்குலர் எலும்பைச் சுற்றிய நோவும் அங்கேதான் குடிவரும்.

குளம்பைப் படிப்பது

வெடிப்பைப் பார்த்ததும் சுழல் அரத்தை எடுப்பவர் பாதி வேலைக்காரர். முதலில் குதிரையைச் சமதளமான கெட்டித் தரையில் நாலுகாலும் சரியாக ஊன்ற நிறுத்த வேண்டும். முன்னாலிருந்து மயிர்க்கோட்டைப் பார்க்க வேண்டும். தரைக்கு இணையாக ஓடினால் நல்லது, ஒரு பக்கம் ஏறினால் சுமை எங்கே என்று அதுவே சொல்லும். பின்னால் போய்க் குதிக்குமிழ்களை ஒப்பிட வேண்டும். காலைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே மட்டும் பிடித்து, குளம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, குதியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணால் பார்த்தால் எந்தச் சுவர் உயரம் என்று தெரியும். பிறகு நடக்கவிட்டு, எந்தக் குதி முதலில் தரை தொடுகிறது என்று குனிந்து கவனிக்க வேண்டும். வேகமாக ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிதானமான நடையில்தான் தெரியும்.

வெடிப்பின் இரு பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்தினால் விளிம்புகள் அசைகின்றனவா? ஈரமோ ரத்தமோ கசிகிறதா? அசைந்தால் அது சுவரின் முழுத்தடிமனையும் கடந்த வெடிப்பு. கசிந்தால் உள்ளே சீழ் இருக்கலாம். கால்நடை மருத்துவரின் எக்ஸ்ரே இருந்தால், முன்னிருந்து எடுத்த படத்தில் காஃபின் எலும்பு சாய்ந்திருக்கிறதா, மூட்டு இடைவெளி இருபுறமும் ஒன்றா என்று பார்க்கலாம். நொண்டலை மருத்துவர்கள் 0 முதல் 5 வரை எண்ணிட்டுக் குறிக்கிறார்கள். 0 என்றால் எந்த நிலையிலும் நொண்டல் இல்லை, 5 என்றால் காலில் எடை வைப்பதே அரிது. வேலைக்கு முன்னும் பின்னும் இந்த எண்ணைக் குறித்து வைத்தால்தான் லாடக்காரரின் வேலை பலித்ததா என்று தெரியும். வாய்ப்பேச்சில் 'பரவாயில்லை' என்பது எதற்கும் உதவாது.

இந்த இடத்தில் வெடித்த பக்கத்தின் சுமையைக் குறைப்பதுதான் மூல சிகிச்சை. தரைமட்டத்துக்குக் குளம்பைச் சீவிய பிறகு, வெடித்த பக்கத்துக் குதியை மட்டும் இன்னும் சற்றுச் சீவி, லாடத்துக்கும் அந்தக் குதிக்கும் இடையே வெளிச்சம் தெரியும்படி விடுகிறார்கள். குதி காற்றில் மிதக்கும். ஓரிரு நாளில் மேலே ஏறியிருந்த சுவரும் மயிர்க்கோடும் மெல்லத் தாழ்வது கண்ணுக்கே தெரியும். இரும்பறுக்கும் பிளேடு நுழையும் அளவு இடைவெளி போதும். தினமும் அதே பிளேடை விட்டு மண்ணை இழுத்து எடுக்க வேண்டும், அடைந்துபோனால் மிதப்பு போய்ச் சுமை திரும்பிவிடும். குதி மிதக்க வேண்டுமானால் சுமையை வேறு யாராவது ஏற்க வேண்டும். அதற்குத்தான் இரு குதிமுனைகளையும் பின்னால் குறுக்குப் பட்டையால் இணைத்த பார் லாடம். குளம்படியின் நடுவில் முக்கோணமாக இருக்கும் ஃப்ராக் என்ற மெத்தைப் பகுதியும் மறு குதியும் எடையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

லாடம் என்றாலே தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது வண்டிமாட்டு லாடம்: பிளந்த குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு தகடு. மாட்டுக்கு அது தேய்மானத்தைத் தடுக்கும் கவசம். குதிரைக்குக் குளம்பு ஒற்றை என்பதால், லாடத்தின் வடிவத்தை மாற்றிச் சுமையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்த முடிகிறது. லாடக்காரருக்குக் கணக்கு தெரிய வேண்டியது இதனால்தான்.

பார் லாடத்துக்கும் விலை உண்டு. கனம் கூடும், தளத்தில் பிடி மாறும், பின்னங்கால் அதை மிதித்துப் பிடுங்கவும் கூடும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு இதெல்லாம் பொருட்டல்ல. இரண்டு வாரத்தில் ஓட வேண்டிய குதிரைக்கு ஒவ்வொன்றும் பொருட்டு.

கம்பித் தையல்

மெக்கின்லே பிக் பிரவுனின் வெடிப்பை எஃகுக் கம்பியால் தைத்தார். குதிரை மூன்று நாள் பயிற்சி இழந்து மீண்டும் ஓடத் தொடங்கியது. வெடிப்பின்மேல் பூசி மூடும் பிசின் ஒட்டு உடனே போடப்படவில்லை. பந்தயத்தை ஒட்டிப் போடுவதாகத் திட்டம். இந்த வரிசை யோசித்து வைத்தது.

வெடிப்பின் விளிம்புகளைச் சுழல் அரத்தால் மெல்லிய வாய்க்கால்போலத் திறப்பது முதல் படி. தளர்ந்த, கறுத்த, ஈரமான பகுதி எல்லாம் போய் உலர்ந்த கெட்டிச்சுவர் தெரியும்வரை. இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு அடுத்தது உயிர்ச்சதை. பிறகு வெடிப்பின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி, எதிரெதிரே துளைகள். துரப்பணம் சுவரின் தடிமனுக்குள்ளேயே சாய்வாகப் போய் வாய்க்காலில் வெளிவர வேண்டும். பக்கச்சுவர் ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. கோணம் சற்று உள்ளே போனால் சதை, சற்று வெளியே போனால் பிடிமானம் இல்லாமல் சுவர் பெயர்ந்துவரும். துளை வழியே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கோத்து, இழுத்து, முறுக்கி, முனையை நறுக்கி மடித்துவிடுவார்கள். கம்பி வெடிப்பை இறுக்கி மூடுவதற்கல்ல. அதிகம் இறுக்கினால் விளிம்புகள் உள்ளே சதையைக் கிள்ளும், குதிரை கூடுதலாக நொண்டும். விளிம்புகள் ஒன்றுக்கொன்று நகராமல் நிறுத்தினால் போதும். வலி வருவது அந்த நகர்விலிருந்துதான்.

பிசின் ஒட்டைத் தள்ளிப்போட்டதற்கான காரணம் கிருமி. திறந்த வெடிப்பைச் சில நாள் உலரவிட்டால் உள்ளே ஈரமோ சீழோ இருப்பது வெளிப்பட்டுவிடும். கம்பி அசைவைத் தடுத்துக்கொண்டிருப்பதால் குதிரைக்குப் பயிற்சியும் கொடுக்கலாம். ஈரத்தின்மேல் பிசினை ஊற்றி மூடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. உள்ளே அடைபட்ட கிருமிக்கு வெளியேற வழியில்லை. சீழ் சுவருக்கும் எலும்புக்கும் நடுவே வழிதேடி மேலே ஏறி மயிர்க்கோட்டில் உடைத்துக்கொண்டு வரும். அதுவரை குதிரை மூன்று காலில் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒட்டுக்கு அடியில் மெல்லிய குழாயோ உருட்டிய மெழுகுக்களிமண்ணோ வைத்து, பிறகு அதை உருவி ஒரு வடிகால் விட்டுவைப்பது நல்லது. மருந்தையும் அதன் வழியே செலுத்தலாம்.

ஒட்டுப் போடும் நாளில் சுவரைச் சொரசொரப்பாக அரம் இட்டு, எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, சூடான காற்றால் நன்றாக உலர்த்த வேண்டும். குளம்பு எண்ணெய் பூசியே பழகிய லாயத்தில் இதற்குத்தான் அதிக நேரம் போகும். எண்ணெய் சுவரின்மேல் பளபளப்பதைத் தவிர வெடிப்புக்கு எதுவும் செய்வதில்லை, பசையை மட்டும் கெடுக்கும். கண்ணாடியிழைத் துணியை அக்ரிலிக் பிசினில் தோய்த்து வெடிப்பின் குறுக்கே பல அடுக்காகப் படிய வைக்கிறார்கள். அக்ரிலிக் இறுகும்போது சூடேறும், சில நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவுக்கு. ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் அந்தச் சூடு அடியில் உள்ள சதையைத் தீய்க்கும். மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று போனால் தப்பலாம். ஒட்டின் கீழ்விளிம்பு லாடத்தைத் தொடக் கூடாது. தொட்டால் தரையின் அடி நேராக ஒட்டு வழியே மயிர்க்கோட்டுக்கு ஏறும். குதியை மிதக்கவிட்டதெல்லாம் வீண்.

ஜூன் 7

பெல்மான்ட் அன்று நல்ல வெயில். பிக் பிரவுனுக்கு உட்கோட்டை ஒட்டிய முதல் எண் கதவு. வலுவான போட்டி என்று பேசப்பட்ட காசினோ டிரைவ் அன்று காலையிலேயே விலக்கப்பட்டது. காரணம் அதற்கும் குளம்பு, பின்குளம்பில் அடிபட்ட கன்றல். ஒன்பது குதிரைகள் ஓடின. முதல் வளைவில் நெரிசலில் சிக்கி இழுபட்டது பிக் பிரவுன். கடைசி வளைவில் ஜாக்கி கென்ட் டெசோர்மோ வேகம் கேட்டபோது குதிரையிடம் ஒன்றும் இல்லை. அவர் அதற்கு மேல் விரட்டாமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். பிக் பிரவுன் கடைசியாக வந்தது. 38க்கு 1 என்று பந்தயம் கட்டப்பட்ட டா தாரா வென்றது.

பந்தயம் முடிந்து மருத்துவர்கள் பார்த்தபோது நொண்டல் இல்லை. தைத்த இடது முன்குளம்பு தன் வேலையைச் செய்திருந்தது. தோல்விக்கு வெயில், இழந்த பயிற்சி நாட்கள், டெர்பிக்கு முன்வரை அப்போதைய விதிப்படி கொடுத்துவந்து பிறகு நிறுத்திய ஸ்டானோசோலோல் ஊக்கமருந்து என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சில வாரத்தில் ஒரு புகைப்படம் வெளிவந்தது: ஓட்டத்தின் நடுவே பிக் பிரவுனின் வலது பின்குளம்பில் லாடம் இடம்பெயர்ந்து நிற்கிறது.

உலகமே இடது முன்குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பெயர்ந்தது வலது பின்லாடம். பின்னங்கால்தான் குதிரையை முன்னே தள்ளுகிறது. லாடம் ஒரு விரற்கடை திரும்பினாலும் உள்குளம்பின் மென்மையான பகுதியை அதன் விளிம்பு அழுத்தும், ஆணிகள் வளைந்து சுவரை நெம்பும், குதிரை அந்தக் காலை முழுதாக ஊன்றத் தயங்கும். தோற்றதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஒரு படம் மட்டும் போதாது. நெரிசலில் இன்னொரு குதிரை மிதித்தும் பெயர்ந்திருக்கலாம். அப்படியானால் எந்த லாடக்காரராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் பந்தய நாள் காலையில் நான்கு குளம்பையும் தூக்கி, ஒவ்வொரு ஆணி மடிப்பையும் விரலால் தடவி, லாடத்தின் இரு முனையையும் இடுக்கியால் மெல்ல அசைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு காலில் சிக்கல் இருக்கும்போது மற்ற மூன்றும் கவனத்திலிருந்து நழுவுவது வழக்கம். நோவுள்ள காலைக் காப்பாற்ற அந்த மூன்றும் கூடுதல் சுமை ஏற்பதும் அப்போதுதான்.

அதே களம், வேறு முடிவுகள்

மெக்கின்லேயின் ஒட்டு இதற்கு முன்பே பெல்மான்ட் வென்றிருக்கிறது. 1997இல் டச் கோல்டு பிரீக்னஸ் தொடக்கத்தில் தடுக்கி இடது முன்குளம்பின் பக்கச்சுவரைக் காயப்படுத்திக்கொண்டு நான்காவதாக வந்தது. மூன்று வாரத்தில், ஒட்டுப் போட்ட குளம்போடு, சில்வர் சார்மின் டிரிபிள் கிரவுன் கனவைப் பெல்மான்ட்டில் கலைத்தது. அங்கே சுவர் போனது அடிபட்டதால். சுமைச் சாய்வால் பிறந்த வெடிப்பைவிட இதைச் சமாளிப்பது சுலபம், ஏனென்றால் மீண்டும் கிழிக்கும் விசை அங்கே நிரந்தரமாக இல்லை.

1996இன் அன்பிரைடில்ட்ஸ் சாங் மறுபக்கம். உட் மெமோரியல் பந்தயத்தை வென்ற குதிரை, பக்கவெடிப்பால் பார் லாடத்தோடு கென்டக்கி டெர்பி ஓடி ஐந்தாவதாக வந்தது. நொண்டாமல் ஓடவைப்பது ஒன்று, முழு வேகத்தில் ஓடவைப்பது வேறு. பார் லாடம் முதலாவதைத் தந்தது.

37 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 2015இல் டிரிபிள் கிரவுன் வென்ற அமெரிக்கன் ஃபரோவாவும் இடது முன்காலில் சிறப்பு லாடத்தோடுதான் ஓடியது. 2014 இலையுதிர்காலத்தில் அந்தக் காலில் அடிபட்டதால் பிரீடர்ஸ் கப் பந்தயத்தைத் தவறவிட்டது. அதன்பின் ஃப்ராக்கின்மேல் அலுமினியத் தகடு மறைக்கும் லாடம் அந்த ஒரு காலுக்கு மட்டும். வித்தியாசம் காலக்கணக்கில் இருக்கிறது: அதற்குக் குளிர்காலம் முழுக்க ஆற அவகாசம் கிடைத்தது, லாடம் மிச்சமிருந்த நுண்ணிய இடத்தைக் காத்தால் போதும். டெர்பியிலிருந்து பெல்மான்ட்வரை ஐந்தே வாரம். குளம்பு அதற்குள் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வளரும். அந்தக் காலத்துக்குள் வெடித்த எதுவும் வெடித்ததாகவே இருக்கும்.

கோடையும் அதன் பிறகும்

பெல்மான்ட்டுக்குப் பின் பிக் பிரவுனுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஆகஸ்ட் 3 அன்று மான்மவுத் பார்க்கில் ஹாஸ்கெல் பந்தயத்தை வென்றது. செப்டம்பர் 13 அன்று அங்கேயே புல்தளத்தில் இன்னொரு வெற்றி. சராசரி வளர்ச்சிக் கணக்கில், மே மாதக் கடைசியில் மயிர்க்கோட்டில் இருந்த எந்த வெடிப்பும் ஹாஸ்கெல் நேரத்தில் இரண்டு சென்டிமீட்டரும் செப்டம்பரில் மூன்று சென்டிமீட்டருக்கு மேலும் கீழே இறங்கியிருக்கும். அது மயிர்க்கோட்டை விட்டு விலகி, அதன்மேல் முழுச்சுவர் ஒன்று உருவான பிறகுதான் வெடிப்பு ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாம். அதுவரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை லாடம் கழற்றிக் குதியைச் சீவி மறுபடி மிதக்கவிட வேண்டும். ஆறு ஏழு வாரம் இழுத்தடித்தால் சுவர் வளர்ந்து இடைவெளி மூடி, சுமை பழைய இடத்துக்கே திரும்பும். வளர்ச்சியை விரைவுபடுத்தப் பலரும் பயோட்டின் கொடுக்கிறார்கள், நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம். அது புதிதாகப் பிறக்கும் சுவரின் தரத்துக்குத்தான் உதவும், பலன் தெரிய ஒன்பது மாதமாவது ஆகும். இருக்கும் வெடிப்பை அது எதுவும் செய்யாது.

அக்டோபரில் அக்வெடக்ட் தளத்தில் இன்னொரு குதிரையோடு சேர்ந்து வேகப் பயிற்சி கொடுத்தபோது பின்னங்கால் முன்னங்காலை எட்டிப் பிடித்தது. வலது முன்காலின் குதிக்குமிழில் சதை கிழிந்து தொங்கியது. முன்குளம்பு தரையை விட்டுக் கிளம்பத் தாமதிக்கும்போதோ, பின்குளம்பு எதிர்பார்த்ததைவிட முன்னே வரும்போதோ நிகழும் விபத்து இது. முன்லாடத்தின் நுனியை உருட்டிக் கிளம்பலை விரைவாக்குவதும், பின்லாடத்தின் நுனியைச் சற்றுப் பின்தள்ளி வைப்பதும் ஆபத்தைக் குறைக்கும், முழுவதும் போக்காது. குதிக்குமிழின் கிழிசல் ஒவ்வோர் அடியிலும் விரிந்து திறக்கும் இடத்தில் இருப்பதால் ஆற வாரக்கணக்காகும். சாண்டா அனிடாவில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்குக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பிக் பிரவுன் அத்தோடு ஓய்வு பெற்று கென்டக்கியில் திரீ சிம்னீஸ் பண்ணைக்குப் போனது.